தண்ணீருக்குப் படித்தால் வேலை கிடைக்குமா?

எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் வாரத்தில் எங்கள் வானொலி நிலையத்தின் தொலைபேசிக்கு ஓய்வே இருக்காது. மற்ற நாள்களில் பாட்டுக் கேட்டு அழைப்பவர்கள் அந்த வாரம் மட்டும் பிள்ளைகளின் எதிர்காலம் கேட்டு அழைப்பார்கள். ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா, பாலிடெக்னிக்கா? எனக்கு ஊடகத் துறையில் ஒரு பட்டம் இருக்கிறது. அதை விட்டால் வேறு எந்தத் துறையிலும் ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்துவிட்டால் ‘தெரியாது’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. இது எங்கள் தொழில் வியாதி.

அன்று காலை ராசாவிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். “தம்பி, என் மவன் தண்ணி சம்பந்தப்பட்ட எஞ்சினியரிங்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அவங்க சித்தப்பா கம்ப்யூட்டர் படிக்கச் சொல்றாரு. தண்ணிக்குப் படிச்சா வேல கெடைக்குமா தம்பி? நாங்க லோரி ஓட்டுற குடும்பம். ஒரு தடவ தப்பாப் போச்சுன்னா திருப்பிப் படிக்க வைக்க வசதி கெடையாது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தண்ணி இல்லாம யாராலயும் வாழ முடியாதும்மா. தைரியமாப் படிக்க வைங்க, வேல இல்லாமப் போவாது!” சொல்லிவிட்டு ஒரு மழைப் பாட்டையும் போட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் கேட்டார்: “சோறு இல்லாமலும்தான் யாராலும் வாழ முடியாது. நெல்லு போடுறவன் பணக்காரனா இருக்கானா?”

சுருக்கென்றது. அந்த அம்மாவின் எண்ணை வாங்கி, “விசாரிச்சுட்டு நானே கூப்பிடுறேம்மா” என்று சொன்னேன். அடுத்த மூன்று வாரம் விசாரித்ததுதான் இந்த வாரக் கட்டுரை. போன வாரம் எழுதுவதாகச் சொன்ன தீபாவளிப் பலகாரக் கடைக் கதை இன்னொரு நாளைக்கு.

முதலில் ராசாவுக்கே போனேன். தஞ்சோங் மாலிம் போகும் கொமுட்டரில் பத்தாங் காலியை அடுத்து வரும் நிலையம். அடுத்தது கோலகுபு பாரு. ஊர் சின்னது. அந்த அம்மா சோறாக்கி வைத்திருந்தார். சாப்பிடாமல் பேச விடவில்லை. பையன் பேசவே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் “அண்ணே, ஒரு எடம் காட்டுறேன், வாங்க” என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். போன இடம் அம்பாங் பெச்சா.

கோலகுபு பாருவை ஒட்டிய அந்தக் கம்போங்கின் பெயருக்கு ‘உடைந்த அணை’ என்று பொருள். 1883 அக்டோபரில் ஆற்றுக்கு மேலே இருந்த பழைய மண் அணை உடைந்து கோலகுபு நகரையே அடித்துக்கொண்டு போனது. மாவட்ட அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் செசில் ரேங்கிங்கும் அதில் செத்துப்போனார். அவர் வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் ஆறு கோபித்துக்கொண்டது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதற்குப் பிறகும் ஈயச் சுரங்க மண் ஆற்றில் படிந்து, வெள்ளம் வந்துகொண்டே இருந்ததால், 1920-களின் பிற்பகுதியில் ஊரையே தூக்கி மேட்டில் வைத்தார்கள். கோலகுபுவுக்குப் ‘பாரு’ என்ற வால் முளைத்தது அப்படித்தான். தண்ணீர்க் கணக்கில் செய்த தவற்றை ஊரின் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கும் வட்டாரம் இது. பையன் இதையெல்லாம் எனக்கு ஒப்பித்தான். முதலைக் கதையைச் சொல்லும்போது மட்டும் சிரித்தான்.

அவனுக்குத் தண்ணீர் மேல் ஆசை வந்தது அணையால் அல்ல, அத்தையால். 2020 செப்டம்பர் தொடக்கத்தில் ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கழிவு சுங்கை கோங்கில் கலந்தது நினைவிருக்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் கணக்குகளுக்கு நாள்கணக்கில் தண்ணீர் நின்றுபோனது. செலாயாங்கில் இருந்த அத்தை குடும்பம் காரில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு ராசாவுக்கு வந்தது. இங்கே குழாயில் தண்ணீர் வந்தது. அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஒரு கேள்வி: ஒரே ஆறுதானே, இங்கே வருகிறது, அங்கே ஏன் வரவில்லை?

விடை வரைபடத்தில் இருக்கிறது. சுங்கை சிலாங்கூர் ஆறு புக்கிட் பிரேசர் மலைப்பக்கம் பிறந்து கோலகுபு பாரு, ராசா வழியாக இறங்கி, பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து கோலசிலாங்கூரில் கடலில் சேர்கிறது. பெஸ்தாரி ஜெயா என்றால் நம் பெரியவர்களுக்குப் புரியாது. பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் புரியும். ராசா சுத்திகரிப்பு ஆலை ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. ரவாங் பக்கத்துக் கழிவு அதற்குக் கீழேதான் ஆற்றில் வந்து சேர்கிறது. கழிவு சேர்ந்த இடத்துக்குக் கீழே இருந்த பெரிய ஆலைகள் நான்கும் மூடப்பட்டன. சிலாங்கூர், கோலாலம்பூர் மக்கள் குடிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஆற்றிலிருந்து போகிறது. பையன் அந்த வயதிலேயே இதைக் கண்டுபிடித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆற்றைப் படமாகப் போட்டு வைத்திருக்கிறான். சித்தப்பா அந்த நோட்டைப் பார்த்ததில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

பல்கலைக்கழக விடுதியில் என் பக்கத்து அறைக்காரர் இப்போது குடிநீர்க் குழாய்த் திட்டங்களை வடிவமைக்கும் ஆலோசக நிறுவனம் ஒன்றில் இருக்கிறார். அவரிடம் கேட்டதும் சிரித்தார். “தண்ணி எஞ்சினியர்னு தனி நாற்காலி எங்கயும் கெடையாதுடா. அணை, குழாய், வெள்ளம் எல்லாம் சிவில் படிச்சவன் பாக்குறான். ஆலைக்குள்ள மருந்து போடுறது கெமிக்கல். பம்பு மெக்கானிக்கல். அத ஓட்டுற கன்ட்ரோல் எலெக்ட்ரிக்கல். ஆத்துல என்ன கலந்துருக்குன்னு பாக்குறவன் சுற்றுச்சூழல். எந்தக் கதவு வழியா வந்தாலும் உள்ள தண்ணிதான்.”

அதாவது, பதினேழு வயதில் ‘தண்ணீர்’ என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிவில் படித்தவனுக்குத் தண்ணீரில் வேலை இல்லாத காலத்தில் சாலையும் கட்டடமும் இருக்கும். அந்த அம்மாவின் பயத்துக்கு இது பெரிய மருந்து என்று எனக்குப் பட்டது.

சம்பளம்? நண்பர் மறைக்கவில்லை. முதல் வேலையில், ஒரு துணைக் குத்தகையாளரிடம், மாதம் 2,600 ரிங்கிட்டுக்குச் சேர்ந்தாராம். மழையில் குழிக்குள் இறங்கி நின்றபோது, அதே ஆண்டு படித்து முடித்து வங்கியில் சேர்ந்தவன் கார் வாங்கிய படம் கைத்தொலைபேசியில் வந்ததாம். “முதல் நாலு வருஷம் எங்கம்மா, ‘எதுக்குடா இந்தப் படிப்பு’ன்னு கேக்காத மாசம் இல்ல.” மாறியது எப்போது என்றால், நிபுணத்துவப் பொறியாளராகப் பதிவு பெற்ற பிறகுதான்.

இந்தப் பதிவு விஷயத்தில் நம் குடும்பங்கள் பல ஏமாந்திருக்கின்றன. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இந்த நாட்டில் பொறியியல் படித்து முடித்தவுடனே யாரும் பொறியாளர் ஆகிவிட முடியாது. மலேசியப் பொறியாளர் வாரியத்தில் முதலில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிய வேண்டும். பிறகு குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் ஒரு தொழில்முறை மதிப்பீடும் முடித்தால்தான் பெயருக்கு முன்னால் ‘இர்’ போடும் தகுதி வரும். ஓர் அணை வரைபடத்திலோ குழாய் வரைபடத்திலோ பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவது அப்படிப்பட்டவர்தான். சம்பளமும் அங்கேதான் ஏறும். இந்தப் பாதைக்கு நேராகப் போக, படிக்கும் பட்டத்துக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். 2009 முதல் மலேசியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர். ஆகவே அந்த அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளிலும் மதிப்பு உண்டு.

இப்போது பொறி இங்கே இருக்கிறது. ‘கெஜுருத்தெராஆன்’ என்று முடியும் பட்டம் ஒன்று. ‘தெக்னோலோகி கெஜுருத்தெராஆன்’, அதாவது பொறியியல் தொழில்நுட்பம், என்று வரும் பட்டம் வேறொன்று. இரண்டாவது மட்டமான படிப்பு அல்ல. அதற்கென்று மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம் இருக்கிறது, நல்ல வேலைகளும் இருக்கின்றன. ஆனால் அது வேறு பாதை. என் நிகழ்ச்சியில் முன்பு ஒருமுறை பேசிய இளைஞர் நான்காம் ஆண்டில்தான் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். சேரும்போது கண்காட்சிக் கூடாரத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்தவர் “எல்லாம் ஒண்ணுதான்” என்றாராம். கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் பொறியாளர் வாரியத்தின் இணையத்தளத்தில் அங்கீகாரப் பட்டியலைத் திறந்து, படிப்பின் முழுப்பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இதெல்லாம் மேசையில் உட்கார்ந்து கேட்டது. வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? நண்பர் சொல்லி, கசிவு தேடும் குழு ஒன்றோடு ஓர் இரவு போனேன். வட சிலாங்கூரில் ஒரு பழைய தாமான். நேரம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை. குழுவில் மூன்று பேர்: ஒரு மலாய்க்கார ஓட்டுநர், இருபத்தாறு வயதுப் பெண் பொறியாளர் ஒருவர், தமிழ்த் தொழில்நுட்பர் ஒருவர். தெருவில் நாயைத் தவிர யாரும் இல்லை.

ஏன் இந்த நேரம்? அந்தப் பெண் விளக்கினார். ஒரு வட்டாரத்துக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் பெரிய மீட்டர் ஒன்று இருக்கும். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் ஊரே தூங்குகிறது. குளிப்பவர் இல்லை, துணி துவைப்பவர் இல்லை. அப்போதும் அந்த மீட்டர் வேகமாக ஓடினால், தண்ணீர் மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். குழாயில் அழுத்தம் கூடும் நேரமும் அதுதான். கசியும் சத்தம் அப்போதுதான் நன்றாகக் கேட்கும்.

சத்தமா?

ஆமாம், சத்தம்தான். தொழில்நுட்பர் ஓர் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தார். ஒரு முனையில் காதில் வைக்கும் வட்டமான குமிழ். கம்பியின் மறுமுனையை வால்வின் மேல் வைத்துக் கேட்டார். நகர்ந்தார், கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். “கேளுங்கண்ணே. நீங்கதான் ரேடியோக்காரர் ஆச்சே.”

எனக்குக் கொஞ்ச நேரம் என் இதயம்தான் கேட்டது. பிறகு அதற்கு அடியில் மெல்லிய ‘ஸ்ஸ்ஸ்’. பழைய வானொலிப் பெட்டியில் நிலையம் பிடிபடாதபோது வருமே, அந்த இரைச்சல். பத்து அடி தள்ளி இன்னொரு வால்வில் அது கொஞ்சம் கூடியது. இருபது வருடத்துக்கு முன்னால் இறந்துபோன என் தாத்தா சட்டென்று நினைவுக்கு வந்தார். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத் தோட்டம் ஒன்றில் அவர்தான் பம்பு வீட்டுக்காரர். லயத்துப் பைப்படிகளுக்குத் தண்ணீர் திறந்துவிடுவதும் மூடுவதும் அவர் கையில். ஒரு மரக்குச்சியைப் பம்பின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடிக் கேட்பார். “பேரிங் போவப் போவுது” என்பார். இரண்டு நாளில் போகும். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேலி செய்வோம். அவரிடம் ஒரு சான்றிதழும் இல்லை. கிராணி எழுதிய சம்பளப் புத்தகத்தில் அவர் கடைசிவரை வெறும் கூலிதான்.

இன்று அந்தக் காதுக்குத் துணையாகக் கருவி வந்துவிட்டது. இரண்டு உணரிகளைக் குழாயின் இரண்டு இடங்களில் ஒட்டுகிறார்கள். கசியும் சத்தம் இரண்டையும் வந்தடைய எவ்வளவு நேர வித்தியாசம் ஆகிறது என்று கணித்து, ஓட்டை எந்த மீட்டரில் இருக்கிறது என்று திரையில் காட்டுகிறது. ஆனால் குழாய் எதனால் ஆனது, எவ்வளவு நீளம் என்று சரியாகச் சொன்னால்தான் கணக்கு சரியாக வரும். இரும்பில் சத்தம் நன்றாக ஓடும், பிளாஸ்டிக்கில் சீக்கிரம் செத்துவிடும். அறுபது எழுபதுகளில் புதைத்த ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்களின் பழைய வரைபடங்களை எப்போதும் நம்ப முடியாது. அங்கேதான் படித்தவரும் பழகியவரும் ஒன்றாக வேண்டியிருக்கிறது. அன்று மூன்று மணிக்குக் கண்டுபிடித்த ஓட்டை ஒரு மழைநீர்க் கால்வாய்க்கு அடியில் இருந்தது. ஒழுகிய தண்ணீர் நேராகக் கால்வாயில் போனதால் மேலே ஒரு சொட்டு ஈரம் தெரியவில்லை. எத்தனை மாதமாகப் போனதோ.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு என் பதில் இங்கே இருக்கிறது. மலேசியாவில் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டணமாகத் திரும்பி வருவதில்லை. 2022-இல் அது சுமார் 37 விழுக்காடு. குழாய் ஓட்டையில் கொஞ்சம், திருட்டு இணைப்பில் கொஞ்சம், கிழட்டு மீட்டரில் கொஞ்சம். சிலாங்கூர் நிலைமை இதைவிட மேல். இருந்தும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. புதிய அணை கட்டும் வேலை தலைமுறைக்கு ஓரிரு முறை வரும். கோலகுபு பாரு மேலே இருக்கும் சுங்கை சிலாங்கூர் அணை 2000-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அதற்காக ஓராங் அஸ்லி மக்களின் இரண்டு கிராமங்கள் இடம்பெயர்ந்தன. பகாங்கிலிருந்து மலையைக் குடைந்து 44.6 கிலோமீட்டருக்குப் போட்ட சுரங்கம் 2014-இல் முடிந்தது. அவையெல்லாம் செய்தித்தாளில் படம் வரும் வேலைகள். படம் வராத வேலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பழைய குழாயை மாற்றும் வேலை, ஓட்டை தேடும் வேலை, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேலை. இது நம் பிள்ளைகள் ஓய்வு பெறும் காலத்திலும் தீராது.

ஆனால் வேலை இருப்பது வேறு, அதற்குப் பணம் இருப்பது வேறு. 2024 பிப்ரவரியில் தண்ணீர்க் கட்டணம் தீபகற்பத்தில் கன மீட்டருக்குச் சராசரி 22 காசு ஏறியபோது என் நிகழ்ச்சியில் எத்தனை பேர் கொதித்தார்கள்! நானும் சேர்ந்து ஆமாம் போட்டேன். அதற்குப் பிறகும் சிலாங்கூரில் ஒரு குடும்பத்தின் முதல் 20 கன மீட்டருக்கு, கன மீட்டர் ஒன்றுக்கு ஒரு ரிங்கிட்கூட ஆகவில்லை. ஒரு கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். மாமாக் கடையில் ஒரு ரொட்டி சானாய் அதைவிட விலை. அந்தக் காசில் குழாயும் மாற்ற வேண்டும், நல்ல சம்பளமும் கொடுக்க வேண்டும் என்றால் எங்கிருந்து வரும்? இரவு இரண்டு மணிக்குத் தெருவில் நின்ற அந்தப் பெண்ணின் சம்பளம் என்ன என்று கேட்ட பிறகு இந்தக் கணக்கு எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. வறிய குடும்பங்களுக்குச் சலுகை இருக்கட்டும். நீச்சல் குளம் வைத்திருப்பவருக்கும் எதற்குக் கொதிக்கிறோம்?

வாய்ப்பு குடிநீர்க் குழாயோடு முடியவில்லை. கழிவுநீர்ப் பக்கம் இண்டா வாட்டர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னாலே மூக்கைப் பிடிப்பவர்கள் நாம். ஆனால் அடுத்த பத்தாண்டில் மிகவும் தேடப்படும் ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. ஜோகூரிலும் சிலாங்கூரிலும் முளைக்கும் தரவு மையங்களுக்குக் குளிரூட்ட ஏராளமான தண்ணீர் வேண்டும். குடிக்கும் தண்ணீரை அதற்குக் கொடுப்பதா என்ற கேள்வி வந்துவிட்டது. கழிவுநீரைச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் வழி என்கிறார்கள். சிங்கப்பூர் 2003-லிருந்து நியூவாட்டர் என்று அதைச் செய்துகொண்டிருக்கிறது. பினாங்கிலும் கூலிமிலும் இருக்கும் சில்லுத் தொழிற்சாலைகளுக்கோ சுத்தத்திலும் சுத்தமான தண்ணீர் வேண்டும். அங்கே சம்பளம் தண்ணீர் வாரியத்தின் கணக்கில் வராது, தொழிற்சாலைக் கணக்கில் வரும். கெமிக்கல் படிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வெள்ளமும் தண்ணீர் வேலைதான். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் கூரை மேல் ஏறி நின்ற நம் குடும்பங்களை மறந்திருக்க மாட்டோம். எவ்வளவு மழைக்கு எவ்வளவு நீர் எத்தனை மணியில் எங்கே சேரும் என்று கணிப்பது ஒரு படிப்பு. வடிகால் நீர்ப்பாசனத் துறை 1932-லிருந்து இருக்கிறது. தஞ்சோங் காராங் வயல்களுக்கு வாய்க்காலில் தண்ணீர் விடுவதும் அவர்கள் வேலையே. அங்கே சேரப் பொதுச் சேவை ஆணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். “நமக்கெல்லாம் எங்க குடுக்கப் போறான்” என்று நான்கு பேர் என்னிடம் சொன்னார்கள். நான்கு பேரிடமும் கேட்டேன்; ஒருவர்கூட விண்ணப்பம் போட்டதில்லை. போட்டுக் கிடைக்காதவரின் ஆதங்கத்தை நான் மதிக்கிறேன், அது பொய்யில்லை. போடாதவரின் ஆதங்கத்தை என்ன செய்வது?

பட்டம்தான் என்றில்லை. என்னிடம் கம்பியை நீட்டிய தொழில்நுட்பர் எஸ்.பி.எம்.மில் நான்கு பாடத்தில் மட்டும் தேறியவர். மலேசியத் திறன் சான்றிதழ் படித்து, சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் தொடங்கி, இங்கே வந்திருக்கிறார். ஆலையில் அவர் செய்த வேலைகளில் ஒன்று முகர்ந்து பார்ப்பது. சும்மா சொல்லவில்லை, ஆற்று நீரில் வாடை இருக்கிறதா என்று மனித மூக்கால் சோதிக்க முறையான சோதனை இருக்கிறது. மாதிரியைப் படிப்படியாக நீர்த்து, வாடை எந்த அளவில் மறைகிறது என்று பார்ப்பார்கள். ஆலையை நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவு அந்த மூக்கைப் பொறுத்தும் இருக்கிறது. வீட்டுக் குழாய் வேலை செய்பவருக்கும் இப்போது தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அனுமதி வேண்டும். அனுமதி வைத்திருக்கும் குழாய்க்காரரைத் தேடி என் தாமானில் நான் இரண்டு வாரம் காத்திருந்தேன். அவர் ஓட்டி வந்த வண்டி என் வண்டியைவிடப் புதிது.

எல்லாம் தொகுத்துக்கொண்டு ராசாவுக்கு அழைத்தேன். அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். வேலை இருக்கிறது, ஆனால் முதல் சில ஆண்டு காசு மெதுவாகத்தான் வரும். கம்ப்யூட்டர் படித்த சித்தப்பா வீட்டுப் பிள்ளை முன்னால் போய்விட்டதுபோலத் தெரியும். ஆறாம் படிவம் போய்ப் பட்டத்துக்குப் போகலாம். இல்லையென்றால் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளோமா எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே மேலே போகலாம். லோரிக் குடும்பத்துக்கு இரண்டாவதில் ஆபத்து குறைவு, ஆண்டு கூடுதல். பட்டத்தின் பெயரை மட்டும் சரிபார்க்க வேண்டும். அன்று வானொலியில் சொன்னது அவசரத்தில் சொன்னது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “அந்தப் பொம்பளப் புள்ள ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டுல நிக்கிதுன்னீங்களே, அதுக்கு யாரு தம்பி சாப்பாடு குடுக்குறா?”

ஓட்டுநர் நாசி லெமாக் வாங்கி வந்தார் என்றேன்.

“இவனுக்கு ராத்திரி முழிச்சா தலவலி வரும். பகல்ல பாக்குற தண்ணி வேல இல்லியா?”

“இருக்கும்மா. ஆய்வுக்கூடம் இருக்கு, வரைபடம் போடுற வேல இருக்கு.”

“இருங்க, அவன் பேசணுமாம்.”

பையன் தொலைபேசியை வாங்கினான். பாலிடெக்னிக் சிவிலை முதலாவதாகவும் ஆறாம் படிவத்தை இரண்டாவதாகவும் வைத்திருப்பதாகச் சொன்னான். சித்தப்பாவிடம் அப்பா பேசிவிட்டாராம். பிறகு கொஞ்சம் தயங்கினான்.

“அண்ணே, அந்தக் காதுல வெச்சுக் கேக்குற கம்பி... அது எங்க விக்கிறாங்க?”